இல்லாத பிள்ளைக்கு வந்த அச்சாறு

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. கட்டிய மனைவியை, அவளுக்கே தெரியாமல், ஊர் முழுக்கப் பிள்ளைத்தாச்சி ஆக்கியவன் நான். வயிற்றில் பிள்ளை இல்லாமல்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். கல்முனையில் ஒரு சைக்கிள் கடை வைத்திருந்தேன். கடை என்றால் ஒரு பம்ப், ஒரு தண்ணீர்ச் சட்டி, மேலே தகரக் கூரை. தகரம் யாருடைய வீட்டுடையதோ, சூறாவளி கொண்டுவந்து தந்தது. எங்கள் ஊர் முஸ்லிம்களின் வழக்கப்படி கலியாணம் முடித்து மனைவி வீட்டில்தான் குடியிருந்தேன். அங்கே மாமி, மனைவி, கலியாண வயதில் மனைவியின் தங்கை, பிறகு மனைவியின் மூத்த சகோதரர். தங்கைமாரைக் கரைசேர்த்துவிட்டுத்தான் தனக்குக் கலியாணம் என்று இருந்தவர். இறக்காமத்தில் வெள்ளாமை செய்தார்.

ஒரு பெரும்போகத்தில் மச்சான் பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டார். வயலுக்குள் யானை இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தோம். யானை இல்லை. யாரோ தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள், விடாமல் காதில் கேட்கிறது என்றார். தூக்கம் போயிற்று. சோற்றை மணந்து பார்த்துத் தள்ளிவைத்தார். ஓதின தண்ணீர் கொடுத்தோம், கையில் நூல் கட்டினோம், நாட்டு வைத்தியம் செய்யும் பரிசாரியின் எண்ணெயைத் தலையில் வைத்தோம். கடைசியில் கொழும்புக்குக் கொண்டுபோனோம். அங்கே டொக்டர் ஓர் ஊசி போட்டு, இதை மாதாமாதம் விடாமல் போட வேண்டும் என்றார்.

மாதாமாதம் கொழும்புக்கு ரயிலேற எங்களுக்கு வழியில்லை. ஊர் ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போக மாமி விடவில்லை.

"விசர் ஊசிக்கு வரிசையில நிண்டத சனம் கண்டா, என்ட சின்னவள ஆரு முடிப்பான்?"

அந்த ஆசுபத்திரியில் நர்ஸாக வேலைசெய்த மிஸ்ஸி ஒருவர் என் கடையில்தான் சைக்கிளுக்குக் காற்றடிப்பார். தமிழ்ப் பெண், மெதடிஸ்த கோயிலுக்குப் போகிறவர். ஒருநாள் அவருடைய டியூப்பை ஒட்டிக்கொண்டே, என் கூட்டாளி ஒருவனின் மச்சானுக்கு இப்படியொரு வருத்தம் என்று கதையை அவிழ்த்தேன். முழுவதையும் கேட்டார்.

"சரி தம்பி. அந்தக் கூட்டாளிட வீடு உங்கட வீடுதானே? எந்தக் கிழம வரணும்?"

வந்தார். முதல் நாள் ஊசிப் பெட்டியைத் திறக்கவே இல்லை. மச்சானுக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த நெல் விதைத்தீர்கள், வாய்க்கால் தண்ணீர் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் தூக்கம், சாப்பாடு, காதில் கேட்கும் கதை. அடுத்தடுத்த மாதங்களில் மச்சானின் கை நடுங்கியது, கழுத்து விறைத்தது. மிஸ்ஸி கொழும்பு டொக்டருக்கு எழுதிக் கேட்டு அதற்கும் குளிசை எடுத்துக் கொடுத்தார். டொக்டர் எங்களுக்குக் கடிதத்தில் ஒரு கையெழுத்து மட்டும்தான். மச்சானுக்கு வைத்தியம் என்றால் இந்த மிஸ்ஸிதான்.

சோறு இறங்கியது. தூக்கம் வந்தது. ஆனால் மாதாமாதம் வெள்ளை உடுப்போடு ஒரு மிஸ்ஸி எங்கள் வேலிக் கடப்பைத் திறந்து வருவதைத் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கோழி வியாபாரி ஒருநாள் கடைக்கு வந்தார்.

"என்ன தம்பி, மிஸ்ஸி அடிக்கடி வாறா? வீட்டுல விசேஷமா?"

மாமிக்குச் சீனி வருத்தம் என்று சொல்லியிருக்கலாம். அது எனக்கு அடுத்த நாள் குளிக்கும்போதுதான் தோன்றியது. அந்த நேரத்தில் புதுமாப்பிள்ளைபோலத் தலையைக் குனிந்து சிரித்துவைத்தேன். சிரிப்பையாவது மன்னிக்கலாம். அந்தத் தலைகுனிவுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அந்தக் கிழமையே கோழி வியாபாரியின் வீட்டிலிருந்து ஒரு போத்தல் மாங்காய் அச்சாறு வந்தது. நல்ல சனம் என்று சொல்லிச் சொல்லி மனைவி சாப்பிட்டாள். இன்னொரு வீட்டிலிருந்து புளிச்ச நெல்லிக்காய் வந்தது. அதையும் சாப்பிட்டாள். ஒருநாள் கிணற்றடியில், "இந்த நேரத்துல நீ தண்ணி தூக்குறதா?" என்று ஒருத்தி வாளியைப் பறித்துவிட்டாளாம். மனைவி நேராக என்னிடம் வந்தாள்.

"என்ன, எனக்குத் தெரியாம எனக்குப் புள்ளையா?"

"ஒரு அவசரத்துக்கு..."

"அவசரத்துக்கு ஒங்களுக்கு உண்டாகியிருக்கலாமே. வயிறு இரிக்கிதானே."

அதே கிழமை தங்கைக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. அதற்குமேல் மனைவி வாய் திறக்கவில்லை. முக்காட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டாள். வயிற்றைக் காணவில்லையே என்று கேட்டவர்களுக்கு, எங்கள் பரம்பரையில் கடைசி மாதம்தான் தெரியும் என்றேன்.

தெருவில் ஒருத்தி மிஸ்ஸியையே மறித்து எத்தனை மாதம் என்று கேட்டிருக்கிறாள். வீட்டு விஷயத்தை வீட்டாரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, மிஸ்ஸி சைக்கிளை நேராக என் கடைக்கு விட்டார். இறங்கவில்லை.

"நல்லா இரிக்கி தம்பி உங்கட வேல. நான் போடுற ஊசி பாதி மருந்து. மிச்சம் வெளியில இரிக்கி. பள்ளிவாசல், வயல், நாலு பேரோட கதை. நீங்க அவர அறைக்குள்ள வச்சிப் பூட்டிட்டீங்க."

"பூட்டல்ல மிஸ்ஸி. கதவு சும்மா சாத்தித்தான் இரிக்கி."

"நாளைக்கு இந்தக் கடையில கொண்டுவந்து இருத்துங்க."

"சனம் பாக்குமே?"

"பாக்கட்டும்."

கலியாணம் முடியட்டும் என்று கெஞ்சினேன். மிஸ்ஸி சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளில் மச்சானின் அறைக்கதவை இன்னும் அழுத்திச் சாத்தினோம். மாப்பிள்ளையின் பெரியப்பா முன்னால் இருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவியின் சுகம் விசாரிக்கும் சத்தம் கேட்டது. பெரியப்பா என்னைப் பார்த்தார்.

"ஒங்கட வீட்டுக்கு மிஸ்ஸி வாறயாம். எத்தின மாசம், மகன்?"

நான் தலையைக் குனிந்து என் வழக்கமான சிரிப்பைத் தொடங்கினேன். அப்போது கதவு திறந்தது. குளித்து, வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக மச்சான் வந்து, சலாம் சொல்லி, பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கை கொஞ்சம் நடுங்கியது. அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"மிஸ்ஸி எனக்கு ஊசி போட வாறா. எனக்கு மனசு சரியில்லாமப் போன. இப்ப சுகம். ஊசிய நிப்பாட்ட ஏலா. இந்தப் போகம் வெதைக்கப் போறன்."

வாழைப்பழம் சாப்பிட்டார்கள். பதில் பிறகு சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். மாமி ஒப்பாரி வைத்தார். அடுத்த நாளே கோழி வியாபாரியின் வீட்டிலிருந்து அச்சாறுப் போத்தலைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்தது.

மறுநாள் முதல் மச்சான் என் கடையில் உட்கார்ந்தார். சிலர் சுற்றுப்பாதையால் போனார்கள். பிறகு டயரில் காற்று இறங்கியதும் எல்லோரும் வந்தார்கள். ஊரில் வேறு சைக்கிள் கடை கிட்டத்தில் இல்லை. போகம் தொடங்குமுன் மிஸ்ஸி ஊசிக்கு நாள் குறித்துக் கொடுக்க, மச்சான் வயலுக்குப் போனார்.

சில கிழமைகள் கழித்து மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வந்தார். சைக்கிளில் ஒரு பிழையும் இல்லை. நிறைந்திருந்த டயருக்கே நான் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து, வால்வைப் பார்ப்பதுபோல மெல்லக் கேட்டார்.

"அந்த மிஸ்ஸி எங்கட பக்கம் வருவாவா, தம்பி? எங்கட வீட்டுலயும் ஒரு ஆள் இரிக்கி."

மிஸ்ஸி போனார். கலியாணமும் பிறகு நடந்தது. மிஸ்ஸி இன்னும் எத்தனை கடப்புகளைத் திறந்து போனாரோ, எத்தனை வீடுகளில் என்னைப்போல ஒருவன் தலையைக் குனிந்து சிரித்தானோ, எனக்குத் தெரியாது. மருந்து வாசல்வரை வந்துவிட்ட பிறகும் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டிருந்தது நோய் இல்லை, நான்தான் என்பதை மட்டும் இன்றைக்கும் என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போன அன்று பின்னேரம், மச்சானிடம் கோபமாகக் கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருக்கக் கூடாதா, எல்லாவற்றையும் நான் சமாளித்துக்கொண்டுதானே வந்தேன் என்று. அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"எத்தின மாசம் பொறுத்தாலும் எனக்குப் புள்ள பெற ஏலா, மச்சான்."