அக்கா எடுக்க மறுத்த பக்கம்

எங்கள் அக்கா மலேசியாவின் கிள்ளானில், துறைமுக லோரி ஓட்டுநர் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். அவர் மறைந்து ஓராண்டு ஆகிறது. "பாவம், படிச்சும் பிரயோசனமில்ல" என்று சாவு வீட்டிலேயே சிலர் பேசியது என் காதில் விழுந்தது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் இறுதியில் அக்கா கோலாலம்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கினார். ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

"ஈரல்லயும் கண்ணுலயும் ஒரே மரபணுதான்மா இருக்கு. அப்புறம் ஏன் ஈரல் கண்ணாகல? எது வேல செய்யணும், எது சும்மா இருக்கணும்னு யாரு சொல்றா? அதத்தான் தேடறேன்."

குரோமோசோமில் மரபணு இழை புரதங்களைச் சுற்றியே இருக்கிறது. அந்தப் புரதங்களின் பிடி இறுகினால் மரபணு அடங்கும், தளர்ந்தால் வேலை செய்யும் என்பது அக்காவின் எண்ணம். மனித உயிரணுக்களை வளர்த்து, பிடியைத் தளர்த்தும் மருந்தைச் சேர்த்தார். அதுவரை அடங்கிக் கிடந்த ஒரு மரபணு வேலை செய்யத் தொடங்கியது. மூன்று முறை செய்தும் அதே முடிவு. அதை ஆய்வறிக்கையில் ஒரு பக்கமாக எழுதினார்.

துறைத் தலைவரும் தமிழர்தான். அறிக்கையைப் படித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"அந்தப் புரதம் இழையச் சுருட்டி வைக்கத்தான் லா. வேற ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கத்த எடுத்துடுங்க."

"தப்புன்னு செஞ்சு காட்டுங்க சார், நானே கிழிச்சிடறேன். அதுவரைக்கும் எடுக்க மாட்டேன்."

அவர் செய்து பார்க்கவில்லை. அக்காவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவும் இல்லை.

"ஒரு பக்கம்தானே, எடுத்திருந்தா என்ன?" என்று அம்மா அழுதார்.

"பார்த்தத பார்க்கலன்னு எழுதச் சொல்றாங்கமா" என்றார் அக்கா. அதன்பின் கிள்ளானில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆனார். வந்த வரன்களில் ஒருவர், இனி ஆராய்ச்சிப் பேச்சே கூடாது என்றார். அக்கா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

தொண்ணூறுகளில் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் அந்தப் புரதங்களைப் பற்றி அக்கா சொன்னதையே வரிசையாக எழுதத் தொடங்கின. பழைய துறையிலிருந்து அக்காவை உரையாற்ற அழைத்தார்கள். நானும் போயிருந்தேன். உரை முடிந்ததும் ஓய்வுபெற்ற அந்தத் தலைவர் அருகில் வந்தார்.

"அன்னிக்கு நான் அவசரப்பட்டுட்டேன்மா."

"அவசரம் இல்ல சார். ஒரு தடவ செஞ்சு பார்த்திருக்கலாம். நீங்க பார்க்கல" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அதற்காக நான் இன்றும் பெருமைப்படுகிறேன்.

புற்றுநோய் வந்தபோது, மாணவர்களின் தேர்வுத்தாள்களைத் திருத்தி முடித்தே மருத்துவமனைக்கு வந்தார். அங்கே அவரைக் கண்ணியமாகப் பார்த்துக்கொண்ட தாதியர், இரத்தம் கொடுத்த சக ஆசிரியர்கள், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த அண்டைவீட்டார் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நினைவஞ்சலிப் படத்தின் கீழே "ஆசிரியை" என்று போட்டால் போதும் என உறவினர் சிலர் சொன்னார்கள். "ஆசிரியை, விஞ்ஞானி" என்று அச்சிட்டிருக்கிறோம். மாற்றமாட்டோம்.