கம்பிக் காளை

அனுமந்தன்பட்டி மொக்கம்மாளுக்கு வளைந்த எதையும் வளைந்தபடி விட்டுவைக்கத் தெரியாது. சண்டைக் காலத்தில் ஆணிக்கும் கம்பிக்கும் அத்தனை தட்டுப்பாடு. துருப்பிடித்த ஆணி தெருவில் கிடந்தாலும் பொறுக்கி வந்து, கல்லில் வைத்துத் தட்டி நேராக்கி, டப்பாவில் போட்டுக்கொள்வாள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாய்க் காடு கரையைப் பார்த்து, மகன் கருத்தக்கண்ணனைச் சித்திரம் படிக்கச் சென்னைக்கு அனுப்பியவள். அந்தப் படிப்பு சோறு போடுமா என்று கேட்டவர்களை அவள் லேசில் விட்டதில்லை.

நாற்பத்திரண்டு சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே காலியானது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினான் மகன். வந்தவன் சும்மா இருந்தானா? மாம்பலகையில் ஆத்தாளின் முகத்தைச் செதுக்கினான். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பலகையில் தடவி, மேலே காகிதத்தைப் போட்டு, அகப்பையின் முதுகால் தேய்த்து உரித்தான். முதல் தாளில் மூக்கு அப்பிப்போனது. பத்தாவது தாளில் மொக்கம்மாள் மொக்கம்மாளாகவே வந்தாள்.

"ஏலே, எனக்கு இம்புட்டுச் சுருக்கமாடா?"

"இன்னும் நாலஞ்சு விட்டுப்போச்சு ஆத்தா."

அப்புறம் கம்பியைப் பிடித்தான். மேகமலைத் தோட்டத்தில் கழித்துப் போட்ட வேலிக் கம்பியை வண்டிக்காரர் சுருளியாண்டி யாருக்கும் தெரியாமல் ஏற்றி வந்து கொடுத்தார். நோயில் செத்துப்போன தங்கள் வீட்டுச் செவலைக் காளையை அதிலே வளைத்தெடுக்கப் பார்த்தான் பையன். மூன்று தடவை கால் தாங்காமல் சரிந்தது. நாலாவது தடவை திமிலும் கொம்புமாக நின்றது. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கம்பிதான். ஆனாலும் மொக்கம்மாள் அதன் முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்தி அழுதாள்.

வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லி ஆவணியில் கலவரம் வந்தது. ரோட்டோரத் தந்திக் கம்பியை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். சர்க்காரைத் திட்டி நோட்டீஸ் வந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் தலைதெறிக்க ஓடிவந்தாள்.

"மதினி, காயிதம் வாங்கச் சின்னமனூரு போன ஒம்மகன போலீசு பிடிச்சிருச்சு! வெரலெல்லாம் மையா இருக்காம். நோட்டீசு அடிச்சது, தந்திக் கம்பிய அறுத்தது எல்லாம் இவந்தேன்னு சொல்றாக. வீட்டச் சோதிக்க இங்கன வாராக!"

மொக்கம்மாள் உள்ளே ஓடினாள். செதுக்கிய பலகைகளையும் தாள்களையும் வாரி அடுப்பில் திணித்தாள். தன் முகம் எரிவதைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. காளையை எங்கே ஒளிப்பது? வைக்கோலுக்குள் செருகினால் கொம்பு துருத்திக்கொண்டு நின்றது. சம்சாரி வீட்டில் வேலி கட்டக் கம்பிச் சுருள் கிடந்தால் எவன் கேட்கப்போகிறான் என்று நினைத்தாள் பாவி. முறுக்கை எல்லாம் பிரித்து, கல்லில் வைத்துத் தட்டித் தட்டி நேராக்கி, அழகாகச் சுருட்டி முளையில் மாட்டிவிட்டாள். விரல்களில் தோல் கிழிந்து தொங்கியது.

இன்ஸ்பெக்டரோடு கருத்தக்கண்ணன் தைரியமாகத்தான் உள்ளே வந்தான். வழியெல்லாம் ஒரே பேச்சாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறான்: பலகையில் எழுத்தே இல்லை, ஆத்தா முகம்தான் இருக்கிறது, கம்பி காளையாக நிற்கிறது, கண்ணாலே பாருங்கள்.

"ஆத்தா, காளை எங்க?"

மொக்கம்மாள் மகனுக்குக் கண்ஜாடை காட்டினாள். "எந்தக் காளைய்யா? நம்ம வீட்டுல ஏது காளை?"

அடுப்பில் பாதி எரிந்த பலகை கிடந்தது. முளையில் கம்பிச் சுருள் தொங்கியது. இன்ஸ்பெக்டர் அதை எடுத்துத் தடிமன் பார்த்தார். தந்திக் கம்பியின் தடிமன்தான். கருத்தக்கண்ணன் கம்பியைப் பார்த்தான், ஆத்தாளின் விரல்களைப் பார்த்தான். பிறகு இன்ஸ்பெக்டருக்கு முன்னால் தானே வாசலுக்கு நடந்தான்.

கோர்ட்டில் மொக்கம்மாள் தலைவிரி கோலமாக அலறினாள். "எசமான், நாந்தேன் நிமித்தினேன்! அது காளையா இருந்துச்சு சாமி!"

"அன்னைக்குக் காளையே இல்லேன்னு நீதானே சொன்ன?" என்றார் இன்ஸ்பெக்டர். பெற்றவள் பிள்ளைக்காகப் பொய் சொல்லத்தான் செய்வாள் என்று மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். தோட்டத்துக்காரனுக்குப் பயந்து, கம்பியா, எனக்குத் தெரியாதே என்று கைவிரித்துவிட்டார் சுருளியாண்டி. இரண்டு வருஷம் தண்டனை.

கூட்டிப்போகும்போது அவள் மகன் காலைக் கட்டிக்கொண்டாள். "ஒன்னயக் கொன்னுபுட்டேனே!"

"நீ என்ன செய்வ ஆத்தா. வீட்டுக்குப் போ."

உள்ளே போன பத்தாம் மாசம் ஜெயிலில் சீதபேதி வந்து செத்தான். வயது இருபத்தொன்று. உடம்பைக் கூடக் கொடுக்கவில்லை.

நாற்பத்தேழில் கொடி ஏற்றினார்கள். தந்திக் கம்பியை அறுத்து உயிர்விட்ட வீரன் என்று மேடையில் கருத்தக்கண்ணனைப் புகழ்ந்து, அவனைப் பெற்றவளைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். அறுத்தவன் யாரோ, கூட்டத்தில் அவனும் நின்றிருப்பான், யார் கண்டது! மொக்கம்மாள் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"எம்மகன் அறுக்கலய்யா. அவன் காளை செஞ்சான்."

தலைவர் வேலுச்சாமி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். "வெள்ளக்காரன் போயிட்டான் ஆத்தா. இனிமே பயப்படாம நெசத்தச் சொல்லலாம்."

கூட்டம் கைதட்டியது.