அம்பாங்கில் எல்லாம் ஓகே

கிள்ளானில் ஒரு கிடங்குக்கு நான் எழுதிக் கொடுத்த ஜாவா நிரல் முதல் நாளே படுத்துவிட்டது. அதன் வேலை அப்படியொன்றும் பெரியதில்லை. அம்பாங் அலுவலகத்தில் இருக்கும் சர்வரில் ஒரு மெசேஜ் கியூ உண்டு, செய்திகள் வரிசையாகக் காத்திருக்கும் இடம். எந்த லோரி வெளியே போகலாம் என்ற செய்தி அதில் வந்து விழும். கிடங்கின் கேட் அருகே உள்ள கணினியில் ஓடும் என் நிரல் அந்தச் செய்தியை எடுத்தால்தான் தடுப்பு உயரும். இனி யாரும் கையால் திறக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வேறு.

அம்பாங்கைக் கூப்பிட்டேன். "இங்க டெஸ்ட் பண்ணிட்டோம் அக்கா, எல்லாம் ஓகே லா," என்றான் சர்வரைப் பார்த்துக்கொள்பவன். இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து காலை ரயிலில் நின்றபடியே வந்தவள் நான். சண்டை போடவும் தெம்பில்லை.

வரிசையில் முதலாவதாக நின்ற லோரியின் டிரைவர் இறங்கி வந்து, நான் இருந்த கேட் அறையின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பக்கத்து ஊரான காப்பாரைச் சேர்ந்தவர்.

"தங்கச்சி, இன்னும் லேட்டாவுமா? மக இன்னிக்கு கடல் தாண்டி சபாவுக்குப் போறா, டீச்சர் டிரெய்னிங். சாயந்தரம் ஃப்ளைட். நான்தான் ஏர்போர்ட்ல கொண்டு விடுறேன்னு சொல்லியிருக்கேன்."

லோரியை ஓரமாக ஒதுக்கிப் போட்டுவிட்டுப் போகவும் வழியில்லை. முன்னால் தடுப்பு, பின்னால் வரிசையாக லோரிகள். "கொஞ்ச நேரம்தான்ணே," என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியவில்லை.

என் நிரல் முதலில் சர்வரிடம் கியூ எங்கே என்று கேட்கும். சர்வர் ஒரு முகவரி தரும். அங்கே போய் இணைய வேண்டும். கேட்டதற்குப் பதில் வந்தது, இணையத்தான் முடியவில்லை. வந்த முகவரியைப் பார்த்தபோது எரிச்சலோடு சிரிப்பும் வந்தது. அம்பாங் அலுவலகத்துக்குள் தன்னை என்ன பெயரில் கூப்பிடுவார்களோ, அதையே சர்வர் தூக்கிக் கொடுத்திருந்தது. வீடு எங்கே என்று கேட்டவரிடம் "நம்ம வீடுதான்" என்பது போல. கிள்ளானில் யாருக்கு அந்தப் பெயர் தெரியும்? அம்பாங்கில் சர்வரிலேயே உட்கார்ந்து சோதித்திருக்கிறார்கள். பிறகு ஓகே ஆகாமல் என்ன செய்யும்?

சர்வரில் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று அம்பாங்கில் இருந்தவனிடம் சொன்னேன். "டிக்கெட் போடுங்க அக்கா. மேனேஜர் அப்ரூவ் பண்ணணும், அவரு மீட்டிங்ல இருக்காரு." சரி, கேட் கணினியிலாவது அந்தப் பெயருக்கு உரிய எண்ணை எழுதிவைக்கலாம் என்றால், அதன் கடவுச்சொல்லும் அவர்களிடம்தான். அதற்கும் டிக்கெட், அதாவது முறைப்படி எழுதிப் போடும் வேண்டுகோள். போட்டுவிட்டுக் காத்திருந்தேன். என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை என்பதுதான் என்னை அதிகம் களைப்படையச் செய்தது.

ஜன்னலுக்கு வெளியே டிரைவர் போனில் பேசுவது கேட்டது. "பேக்கெல்லாம் கார்ல வச்சிரு, அப்பா வந்துடுறேன்." பிற்பகலில் அந்தப் பேச்சு மாறியது. "மாமாவக் கூப்பிட்டு கெளம்புமா. நான் நேரா ஏர்போர்ட்டுக்கு வந்துடுறேன்."

வெயில் தாழ்ந்த பிறகுதான் மேனேஜர் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்தார். வரி மாறியது. என் நிரல் இணைந்தது, தேங்கிக் கிடந்த செய்திகள் மளமளவென்று வந்தன, தடுப்பு உயர்ந்தது. கேட்டில் நின்ற காவலர் கைதட்டினார்.

முதல் லோரி மட்டும் நகரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். "அண்ணே, போலாம்ணே."

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். விமான ஜன்னலோரம் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள் ஒரு பெண், மூக்கு சிவந்து.

"இப்பதான் அனுப்புனா. ஏறிட்டா," என்றார். மன்னிப்புக் கேட்கலாமென்று வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"இவ்ளோ லேட்டாச்சே, உங்கள ஆபீஸ்ல ஏசுவாங்களா தங்கச்சி?"

"இல்லண்ணே," என்றேன். யாராவது ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது.