அவர் முகமும் என் கூந்தலும்

இளம் வயதில் எனக்கு முழங்காலைத் தாண்டித் தொங்கும் முடி. பெருமைக்காகச் சொல்லவில்லை, இதைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்ல முடியாது. எழுபதுகளின் பிற்பகுதியில் மலேசியாவின் சுங்கை பட்டாணியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். வீடு மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். பஸ் ஏறும்போது பின்னலை இரண்டாக மடித்து முடிந்துகொள்வேன். ஒருமுறை அது பஸ் கதவில் மாட்டிக்கொண்டு, நான் போட்ட கூச்சலில் ஓட்டுநர் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார்.

அம்மா மரம் வெட்டினாள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலையும் செம்பருத்தி இலையும் போட்டுக் காய்ச்சி என் தலையில் தேய்ப்பாள். அவ்வளவுதான் எங்கள் வைத்தியம்.

அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் எதற்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு நடிகை இருப்பார். சவர்க்காரக் காலண்டர், முகப்பவுடர் காலண்டர், தீபாவளிக்குக் கடைக்காரர் கொடுத்த ஜவுளிக் காலண்டர். எங்கள் வீட்டில் ஒரு பக்கம் இயேசுவின் திருஇருதயப் படம், மறு பக்கம் சவர்க்காரத்தைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும் நடிகை. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"சாமி படத்துக்குப் பக்கத்துலயா இந்தப் பொம்பளய மாட்டுவ?"

"அவங்க சவக்காரந்தானே விக்கிறாங்க, பாவத்தையா விக்கிறாங்க?" என்றாள் அம்மா. படம் அங்கேயே இருந்தது.

அந்தச் சவர்க்காரம் போட்டால் அந்த நடிகையைப் போல ஆகிவிடலாம் என்று தோட்டத்தில் எந்தப் பெண்ணும் நினைத்ததாக எனக்கு நினைவில்லை. விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய், பால் வாளி சுமந்து, கொசுக்கடித் தடிப்போடு திரும்புகிறவர்களுக்குத் தங்கள் முகம் நன்றாகத் தெரியும். அந்த நடிகை போட்டுக் குளிப்பதை நாமும் போட்டுக் குளிக்கிறோம் என்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. குளியலறைக்குள் போனால் அவரும் நாமும் ஒன்று. அதைத்தான் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

எங்கள் துணிக்கடைக்கு மேல்மாடியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. ஒரு நாள் மத்தியானம் கடை வாசலில் கறுப்பு மோட்டார் காடி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் தமிழ்ப் படங்களில் நாங்கள் பார்த்த நடிகை. பினாங்கில் நட்சத்திர இரவுக்கு மதராசிலிருந்து வந்த கூட்டத்தில் அவரும் ஒருவர். எங்கள் பக்கத்து எண்ணெய் வியாபாரி ஒருவர், புதிதாகக் கூந்தல் தைலம் தயாரித்து விற்கத் தொடங்கியிருந்தவர், அரை நாளுக்கு அவரைப் பேசி அழைத்து வந்திருந்தார். கடையில் வேலை பார்த்த நாங்கள் எல்லாரும் துணியை மடிப்பதுபோல் நடித்துக்கொண்டு படிக்கட்டையே பார்த்தோம்.

கொஞ்ச நேரத்தில் மேலே பேச்சுச் சத்தம் உயர்ந்தது. வியாபாரி வியர்த்துப் போய் இறங்கி வந்தார். விஷயம் பிறகுதான் தெரிந்தது. நடிகை சினிமாவில் வைக்கும் சவுரி முடிகளெல்லாம் ஒரு பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டி மற்றவர்களுடைய சாமான்களோடு சிங்கப்பூருக்குப் போய்விட்டது. கூந்தல் தைலத்துக்குப் படம் எடுக்க வந்தவருக்குக் கூந்தல் இல்லை.

வியாபாரியின் கண் என் மேல் விழுந்தது. பிறகு என் முதுகில் இறங்கியது.

"தங்கச்சி, கொஞ்சம் மேல வாலா. பயப்படாத. படத்துல முகம் ஒண்ணும் தெரியாது."

எங்கள் முதலாளியிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் போனேன். ஸ்டூடியோவில் விளக்குகளின் சூடு. நடிகை முதுகு நிமிர்த்தி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் துணி சுற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும் அதை அவிழ்த்தார். முடி தோள்வரைகூட இல்லை. உச்சியில் மெலிந்து, ஓரங்கள் கருகினாற்போல் இருந்தது.

"தினம் சூட்டுக்கம்பி, தினம் சவுரி. பத்து வருஷமா இதான். வேற எப்படி இருக்கும்?" என்று அவரே சொன்னார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன்.

போட்டோகிராபர் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நடிகைக்குப் பின்னால் நான் மண்டிபோட்டு, என் தலை அவர் முதுகில் மறையும்படி குனிந்துகொள்ள வேண்டும். என் முடியை அவிழ்த்து அவர் தோள் வழியாக முன்னால் கொண்டுவந்து மடியில் பரப்புவார்கள். அவருடைய சொந்த முடியை மல்லிகைச் சரம் மறைத்துக்கொள்ளும்.

அப்படியே செய்தார்கள். என் நெற்றி அவர் இடுப்புக்கு மேலே அழுந்தியிருந்தது. பட்டுப்புடவை, பவுடர், வியர்வை மூன்றும் கலந்த வாசனை. என் முடியை அவர் கையில் எடுத்து நீவியது எனக்குத் தலையில் தெரிந்தது. சினிமாவில் பார்த்தவர் என் முடியை நீவுகிறார் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. அசையக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

"வலிக்குதாம்மா?" என்று திரும்பாமலே கேட்டார்.

"இல்லீங்க."

"என்ன போடறே இதுக்கு?"

"அம்மா காய்ச்சுற எண்ணெய்ங்க."

"இவரோட எண்ணெய் இல்லையே?"

"இல்லீங்க. இன்னும் கடைக்கே வரலீங்க."

அவர் சிரித்தபோது அவருடைய முதுகு குலுங்கியது என் நெற்றியில் பட்டது. "சிரிங்க மேடம், அப்படியே இருங்க!" என்று போட்டோகிராபர் கத்தினார். அந்தச் சிரிப்புத்தான் படத்தில் வந்தது. எதைக் கேட்டு அவர் சிரித்தார் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

முடிந்ததும் வியாபாரி என்னிடம் ஒரு பெரிய போத்தல் எண்ணெயைக் கொடுத்து, "வெளியில யார்கிட்டயும் சொல்லிறாதம்மா" என்றார். நடிகை கிளம்பும்போது என் தோளில் கை வைத்து, "உங்க அம்மாகிட்ட நான் ரொம்ப விசாரிச்சதா சொல்லு" என்றார். அவருக்கு என் அம்மாவைத் தெரியாது. ஆனாலும் அது வெறும் உபசாரமாக எனக்குத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள். முழுதும் கேட்டபிறகு, "பாவம், அந்தப் புள்ளைக்கு முடி இல்லியா?" என்றாள்.

தீபாவளிக்கு முன்னால் காலண்டர் வந்தது. நடிகை சிரித்துக்கொண்டிருந்தார். தோளிலிருந்து மடிவரை என் முடி வழிந்திருந்தது. அம்மாவால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. தண்ணீர்க் குழாயடியில் நின்று, "அது என் மக முடி" என்று சொல்லிவிட்டாள்.

யாரும் நம்பவில்லை. "நடிகைக்கு இல்லாத முடியா ஒன் மகளுக்கு?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அதைவிடச் சாமர்த்தியசாலி. "இப்பத்தானே தெரியுது. நீங்களும் அந்த எண்ணெயத்தான் தேய்ச்சிருக்கீங்க. அந்தம்மாவுக்கும் அதே முடி, ஒன் மகளுக்கும் அதே முடி. இவ்ளோ நாளா கறிவேப்பில, செம்பருத்தின்னு எங்கள ஏமாத்திட்டீங்களா?"

அந்தத் தைலம் எங்கள் தோட்டத்துக் கடையில் வைக்க வைக்கத் தீர்ந்தது. விளம்பரத்துக்குச் சாட்சியாக நான்தான் தினமும் லயத்தில் நடமாடிக்கொண்டிருந்தேனே!

அம்மா சில நாள் முகம் வாடியிருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் கடைக்குள் போய் ஒரு போத்தல் வாங்கிவந்தாள். எனக்கு ஆச்சரியம்.

"எதுக்கும்மா? நம்ம எண்ணெய்தான் இருக்கே."

"ஒன் முடியப் போட்டு விக்கிறான். நாம வாங்காம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். அதற்குப் பிறகு அவள் எண்ணெய் காய்ச்சவே இல்லை. தைலத்தில் மல்லிகை வாசனை தூக்கலாக இருந்தது; மற்றபடி ஒரு குறையும் சொல்வதற்கில்லை. என் முடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் இளம் மனைவி இருந்தாள். குழந்தை பிறந்த சில மாதத்தில் அவளுக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. சீப்பில் வந்த முடியைக் கையில் சுருட்டி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, நெசத்த சொல்லுங்க. அத எப்புடி தேய்ச்சீங்க? ராத்திரி தேய்ச்சு ஊற வைக்கணுமா? நானும் போத்தல் போத்தலா ஊத்துறேன், நிக்க மாட்டேங்குதே."

"அந்தப் படத்துல இருக்கறது என் முடிதான். அப்ப நான் அந்த எண்ணெயத் தொட்டதுகூட இல்ல" என்றேன். ஸ்டூடியோவில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பிள்ளை பெற்றால் கொஞ்ச நாள் கொட்டத்தான் செய்யும், தானாக வளரும் என்று அம்மா சொல்வதையும் சொன்னேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்கக்கா. அதுக்கு இப்புடி ஒரு கதையா?" என்று எழுந்து போய்விட்டாள். அதன்பிறகு குழாயடியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நடிகை பொய் சொல்வார் என்று அவளால் நினைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பொய் சொல்வாள் என்று நினைப்பது சுலபமாக இருந்தது. தினம் பார்க்கும் முகத்தைவிடச் சுவரில் மாட்டிய முகத்துக்கு மரியாதை அதிகம் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும்போது அவள் ஒரு தட்டு முறுக்கோடு வந்தாள். நெற்றி ஓரத்தில் புதுமுடி குட்டைக் குட்டையாகக் கிளம்பியிருந்தது. கண் கலங்கியிருந்தாள்.

"பாருங்கக்கா. நீங்க வாய் தொறந்து சொல்லலன்னாலும் நா விடாம தேய்ச்சேன். வந்துருச்சு பாத்தீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா பின்னாலிருந்து என் முதுகில் மெல்லத் தட்டினாள். முறுக்கை வாங்கிக்கொண்டு, "நல்லா வளரட்டும்" என்றேன்.

கல்யாணமாகி நான் லூனாசுக்குப் போனேன். என் கணவர் அங்கே லாரி ஓட்டினார். அப்பா இறந்தபிறகு அம்மாவும் எங்களோடு வந்துவிட்டாள். எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் அந்த எண்ணெய் வியாபாரி என்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. தொழில் பெருகியிருந்தது பேச்சிலேயே தெரிந்தது.

"இப்ப டிவியில போடப் போறோம் தங்கச்சி. காலம் மாறிப்போச்சு. நடிகைய போட்டா, காசு வாங்கிட்டுப் பேசுறான்னு சனங்களே சொல்றாங்கலா. இனி நம்ம ஊருப் பொம்பளைங்க வந்து பேசணும், அப்பத்தான் நம்புவாங்க. ஒன் முகத்தோட, ஒன் முடியோட நீயே வந்து நில்லு. இந்தத் தைலத்தாலதான் என் கூந்தல் இப்புடி வளர்ந்துச்சுன்னு சொல்லு. போதும்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்தத் தைலத்தைத்தான் அப்போது வருஷக்கணக்காகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்க்கிறேன் என்று சொன்னால் அது உண்மை. அதனால் வளர்ந்தது என்றால் அது இல்லை.

"இதத்தான் தேய்க்கிறேன்னு மட்டும் சொல்றேனே?" என்று கேட்டேன்.

"அது பத்தாது தங்கச்சி. அப்ப யாரு வாங்குவா?"

"அப்ப வேற ஆளப் பாருங்கண்ணே."

என் கணவர் வாசல்வரை போய் வியாபாரியை வழியனுப்பிவிட்டு வந்தார். அம்மாதான் அன்றும் மறுநாளும் என்னோடு பேசவில்லை. எதற்கு அவ்வளவு கோபம் என்று எனக்கு முதலில் புரியவில்லை. காலண்டர் வந்தபோது குழாயடியில் அவள் பட்ட அவமானத்தை மெல்ல நினைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்து என் முகமும் வந்திருந்தால், அவள் சொன்னது பொய்யில்லை என்று ஆகியிருக்கும். அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

சில மாதங்களில் அந்த விளம்பரம் டிவியில் வந்தது. தமிழ்ப் படத்துக்கு நடுவே, பட்டணத்துப் பெண் ஒருத்தி கூந்தலை ஒரு சுழற்றுச் சுழற்றி, தன் அழகுக்குக் காரணம் அந்தத் தைலம் என்றாள். அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம்.

"புள்ள நல்லாத்தான் இருக்கா. நல்லாவும் பேசுறா" என்றாள் அம்மா. விளம்பரம் முடிந்து படம் மறுபடி தொடங்கியதும், "நீ ஏன் மாட்டேன்னுட்ட?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை.

"அந்தத் தைலத்தால வளர்ந்துச்சுன்னு அவங்க சொல்றாங்க. நீ காய்ச்சுன எண்ணெயாலன்னு நான் நெனச்சேன். நீதான் நிறுத்தி எத்தன வருஷமாச்சு, அப்பயும் ஒண்ணும் கொறையல. எதனால வளர்ந்துச்சுன்னு எனக்கே தெரியாதும்மா. தெரியாதத எப்புடிப் போயி ஊருக்குச் சொல்றது?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இதுகூடவா தெரியாது என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"எதனாலயா? என் வயித்துல பொறந்ததால வளர்ந்துச்சு. அதப் போயி சொல்லிட்டு வர வேண்டியதுதானே" என்றாள்.