மழை விட்டதும் வரும் மாரடைப்பு

மாரடைப்பு என்று இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடி, இசிஜி நன்றாக வந்ததால் அவமானப்பட்டுத் திரும்பியவன் நான். மூன்றாம் முறை என் மனைவி எங்கள் மலையூரான ஏலப்பாறையிலேயே ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனாள்.

“எங்கப்பாவுக்கு இதே படபடப்பு வந்தப்ப மந்திரிச்சுக் கயிறு கட்டினாங்க. நீங்க என்னம்மா கட்டுவீங்க?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “எப்பண்ணே வரும்?”

“மழை விட்டதும்.”

சொன்ன பிறகு எனக்கே வியப்பு. எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தின் தகரக் கூரையில் மழை அடிக்கும்வரை வேறெதுவும் கேட்காது. நின்றால், பின்னால் மலை சரிகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன்.

அவர் பேசாமல் காத்திருந்தார். எனக்கு நக்கலும் வரவில்லை.

அப்பாவிடம் யாரும் எப்ப வரும் என்று கேட்டதில்லை. நாளைக்கு என் மகனுக்கு இப்படி வந்தால், போனில் இருக்கும் ஏஐயே அதைக் கேட்குமாம். கேட்கட்டும்; பதில் வரும்வரை இப்படிச் சும்மா உட்கார்ந்திருக்க அதற்குத் தெரியுமா?