நூற்றைம்பதுக்கு நூறு

எந்தக் கர்ப்பிணி வந்தாலும் சிவசங்கரி மூன்று முறை பிரஷர் பார்ப்பாள். முதல் முறை பார்த்ததும் எண்ணை வாய்விட்டுச் சொல்வாள். கைப்பட்டையை அவிழ்த்து, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, மறுபடி பார்ப்பாள். அப்புறம் இன்னொரு தரம். காத்திருக்கும் பெண்களுக்குச் சலிப்பு வரும். தறியை நிறுத்திவிட்டு வந்தவளுக்கும் நடவுக்குப் போக வேண்டியவளுக்கும் காலை நேரம் அங்கேயே கழிந்துவிடும். இந்த நர்ஸம்மாவிடம் போனால் அரை நாள் காலி என்று ஊரில் பேச்சு இருந்தது. அவள் காதிலும் விழுந்தது. கேட்டுக்கொண்டு அடுத்தவள் கையில் பட்டையைச் சுற்றுவாள்.

மூன்று வருடம் முன்புவரை அவள் அப்படி இல்லை. வேகமான கை என்று பெயர் எடுத்தவள். கலசப்பாக்கம் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்தில் முதல் அரசு வேலை அவளுடையது. கல்யாணமாகி ஆரணிக்கு வந்தாள். கணவர் குமரேசன் பஸ் நிலையத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அவள் தினமும் காலையில் பஸ் ஏறி, இருபது நிமிடத் தொலைவில் இருந்த துணை சுகாதார நிலையத்துக்குப் போவாள். இரண்டு அறை, ஒரு பீரோ, மழைக்கு ஒழுகும் ஒரு மூலை. சுற்றி ஐந்து ஊர்களின் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அவள் பொறுப்பு.

அந்த வருடம் துறையில் நோட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு நர்ஸுக்கும் ஒரு டேப்லெட் வந்தது. ஒப்பந்தம் எடுத்த ஏதோ ஒரு கம்பெனி செய்த செயலி அதில் இருந்தது. எடை, ரத்தம், பிரஷர் எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். ஆபத்தான எண் வந்தால் அந்தப் பெயர் சிவப்பாகி, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரின் பட்டியலில் தானாக ஏறும். ஒரே நாளில் அங்கிருந்து அந்தக் கர்ப்பிணிக்கு அழைப்பு போகும். மற்றவர்கள் பச்சை. பயிற்சிக் கூட்டத்தில் ஒரு நர்ஸ், நெட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். டேப்லெட்டே வைத்திருந்து, நெட் வந்ததும் அனுப்பிவிடும் என்றார்கள். தாய் சேய் அட்டையும் ஸ்டாக் இல்லாமல் போயிருந்தது. எல்லாம் உள்ளேயே இருக்கும்போது அட்டை எதற்கு என்றார்கள்.

ஜெயப்ரியாவுக்கு இருபத்து மூன்று வயது. முதல் பிரசவம், எட்டாம் மாதம். கணவன் வெற்றிச்செல்வன் பட்டுத் தறி போட்டிருந்தான். ஒரு வியாழக்கிழமை காலை அவள் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தாள். கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிவசங்கரி பிரஷர் பார்த்தாள். நூற்றைம்பதுக்கு நூறு. சிறுநீர் சோதிக்கும் பட்டை இரண்டு மாதமாக வரவில்லை. எண்ணை டேப்லெட்டில் போட்டாள். அன்றைக்கு நெட் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள், கூப்பிட்டதும் உடனே போய்விடு என்று சொல்லி அனுப்பினாள்.

யாரும் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை மதியம் ஜெயப்ரியாவுக்கு வலிப்பு வந்தது. ஆரணியில் பார்த்துவிட்டு வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கண்ணமங்கலம் தாண்டும்போது மறுபடியும் வலிப்பு. வேலூரில் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். தாய் பிழைக்கவில்லை.

விசாரணை நடந்தது. அதிகாரி ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினார். ஜெயப்ரியாவின் பெயருக்கு நேரே, கடைசிப் பதிவு நூற்றுப் பத்துக்கு எழுபது என்று அச்சாகியிருந்தது. தேதிக்கு அதில் இடம் இல்லை. பதிவு செய்தவர், சிவசங்கரி. அறையின் ஓரத்தில் ஜெயப்ரியாவின் அண்ணன் தமிழ்செல்வன் உட்கார்ந்திருந்தான். சென்னையில் மென்பொருள் வேலை பார்ப்பவன். அவன் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் போட்டது நூற்றைம்பதுக்கு நூறு என்று அவள் சொன்னாள். சர்வரில் இருப்பது இதுதான் என்றார் அதிகாரி. அவள் மறுபடி சொன்னாள். அவர் கோபப்படவில்லை. பொறுமையாகவே கேட்டார்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. அன்னைக்கு முப்பது பேருக்குப் பாத்திருக்கீங்க. இந்தப் பொண்ணுக்கு இதுதான் போட்டேன்னு சத்தியமா சொல்ல முடியுமா?"

அவள் காகிதத்தைப் பார்த்தாள். அதில் இருந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க, தன் விரல் அதையும் தொட்டிருக்கலாம் என்று தோன்றியது.

"தெரியல சார்" என்றாள்.

அதோடு முடிந்தது. மூன்று மாதம் சஸ்பெண்ட், கண்டிப்பு, பணிப் பதிவேட்டில் ஒரு வரி. அந்த இடத்துக்கு வர வேறு யாரும் முன்வராததால் அவளையே திரும்ப அங்கே போட்டார்கள்.

அவளை வாட்டியது தண்டனை அல்ல. எது நடந்தது என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிற்று. பட்டையிலிருந்து காற்று இறங்கும் சத்தம் கேட்டால், ஒரே நேரத்தில் இரண்டு எண்கள் காதில் ஒலித்தன. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரல் தானாக முன் சீட்டின் கம்பியில் எண்களை அழுத்தும். குமரேசன் வேலையை விட்டுவிடச் சொன்னார். விட்டாலும் இந்த விரலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டாள். ஜெயப்ரியாவின் பெண் குழந்தை கனிமொழிக்கு ஒவ்வொரு தடுப்பூசியையும் அவள்தான் போட வேண்டியிருந்தது. வெற்றிச்செல்வன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவான். ஊசி போட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவான்.

போன ஆவணியில், மதிய நேரம், தமிழ்செல்வன் துணை நிலையத்துக்கு வந்தான். தோளில் லேப்டாப் பை. அவனைக் கண்டதும் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

அவன் பழைய டேப்லெட்டைக் கேட்டான். புதுக் கம்பெனி வந்து புது டேப்லெட் கொடுத்த பிறகு, பழையதைத் திருப்பி வாங்க யாரும் வரவில்லை. பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. விசாரணையின்போதும் அதை யாரும் கேட்கவில்லை. சர்வர் காகிதமே போதுமாக இருந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள். சார்ஜில் போட்டுவிட்டு, அது உயிர் பெறும்வரை அவன் நடந்ததைச் சொன்னான்.

அந்தச் செயலிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அவன் இரண்டு முறை கேட்டிருந்தான். வணிக ரகசியம் என்று இரண்டு முறையும் மறுத்துவிட்டார்கள். பிறகு ஒப்பந்தம் மாறியது. புதிதாக வந்தவர்கள் தங்கள் வேலையைத் திறந்த மூலமாகச் செய்தார்கள். அதாவது யார் வேண்டுமானாலும் படிக்கலாம், தப்பு சொல்லலாம், திருத்தியும் கொடுக்கலாம். தாங்கள் வாங்கிய பழைய செயலியையும் அப்படியே இணையத்தில் போட்டுவிட்டார்கள். தமிழ்செல்வன் ராத்திரி பகல் பார்க்காமல் அதைப் படித்தான்.

"உண்மையச் சொல்லிடறேன் சிஸ்டர். உங்கள மாட்டி வுடத்தான் தேடிகினு இருந்தேன்."

அவள் சார்ஜர் ஒயரைச் சரியாக அழுத்திவிட்டாள்.

டேப்லெட் எழுந்தது. திரையில் தேதி 2015 ஜனவரி ஒன்று என்று காட்டியது. அவள் வியப்படையவில்லை. சார்ஜ் முழுக்க இறங்கினால் அது தேதியை மறந்துவிடும், நெட் வந்தால் சரியாகிவிடும். எல்லா நர்ஸுகளுக்கும் தெரிந்த விஷயம். அந்த வியாழக்கிழமைக்கு முந்தின நாள் முழுக்க ஊரில் கரண்ட் இல்லை என்பதும் அப்போது அவளுக்கு நினைவு வந்தது.

தமிழ்செல்வன் விளக்கினான். ஒரே பெண்ணுக்கு இரண்டு பதிவு வந்தால், தேதி எது புதியதோ அதைச் சர்வர் வைத்துக்கொள்ளும். பழைய தேதி போட்டதைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். அன்றைக்கு நெட் இல்லாமல் இவள் போட்ட பதிவு, தேதி சரியாகும் முன்பே 2015 என்று பதிந்து, அப்படியே போயிருக்க வேண்டும். போன மாதத்து எண் அதைவிடப் புதியது. சர்வர் அதையே வைத்துக்கொண்டது. யாருக்கும் ஒரு எச்சரிக்கைகூடப் போகவில்லை.

"நாலே வரி சிஸ்டர். அதுல இருந்தது தப்பு. ஆனா உங்களுக்கு இப்படித்தான் ஆச்சுங்கறது கெஸ்ஸுதான். நீங்க போட்டது இதுக்குள்ள இருந்தாத்தான் நிஜம்."

டேப்லெட் தன் பதிவுகளை எங்கே வைக்கும் என்பதும் அந்தத் திறந்த வரிகளில் இருந்தது. அவன் லேப்டாப்பிலிருந்து கம்பியை மாட்டி ஒவ்வொன்றாகத் திறந்தான். பெயர்கள் ஓடின. ஒரு இடத்தில் கையை நிறுத்தி, திரையை அவள் பக்கம் திருப்பினான்.

ஜெயப்ரியா. 150/100. அனுப்பப்பட்டது.

வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. தமிழ்செல்வன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். விசாரணையில் அவளைப் பற்றித் தான் எழுதிக் கொடுத்ததற்கெல்லாம் மன்னிப்பு கேட்டான். இனி அவள் நிம்மதியாக இருக்கலாம் என்றான்.

சிவசங்கரி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மறுநாளு நெட் வந்தது தம்பி. லிஸ்ட்ட தொறந்தேன். உங்க தங்கச்சி பேரு பச்சையா இருந்தது. நூத்தம்பது போட்டமே, எப்படிப் பச்சைன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். செவப்பு ஆவலன்னா நாம்பளே தப்பா பாத்துட்டம் போலன்னு வுட்டுட்டேன். போன் நம்பர் எங்கிட்டயே இருந்தது. பண்ணல."

இதை அவள் விசாரணையில் சொல்லவில்லை, குமரேசனிடமும் சொல்லவில்லை. அந்த எண்ணைப் போட்டோமா என்றே சந்தேகம் வந்த பிறகு, இதுவும் பொய் நினைவாக இருக்கட்டும் என்று மூன்று வருடம் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். இப்போது அது நிஜமாகிவிட்டது.

தமிழ்செல்வன் கம்பியைக் கழற்றிச் சுருட்டினான். எழுந்து போய்விடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் போகவில்லை. கடைசியில், கண்டதை, செயலியை இணையத்தில் போட்டிருந்த, எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் எழுதப் போவதாகவும், பச்சை காட்டியதை நம்பியதையும் எழுதலாமா என்றும் கேட்டான். எழுதச் சொன்னாள். பெயர் வேண்டாம் என்றால் போடவில்லை என்றான். போடு என்றாள்.

அவன் எழுதிய நான்காம் நாள், அதே நாலு வரி புதுச் செயலியிலும் இருப்பதைக் கண்டு, பார்த்தறியாத யாரோ ஒருவர் திருத்தம் அனுப்பினார். இப்போது தேதி முரண்பட்டால் செயலி எதையும் தள்ளாது. இரண்டு எண்ணையும் காட்டி நர்ஸைக் கேட்கும். ஏழெட்டு மாவட்டங்களிலிருந்து நர்ஸுகள் அந்தப் பக்கத்தில் பதில் எழுதினார்கள். தங்களுக்கும் எண் மாறியது, தாங்களும் பச்சையை நம்பினோம் என்று. சிலர் இறந்த பெண்ணின் வயதை மட்டும் எழுதியிருந்தார்கள். சிவசங்கரி அவற்றை ஒரே மூச்சில் படிக்க முடியாமல், நாளுக்கு இரண்டு மூன்று என்று படித்தாள். பணிப் பதிவேட்டின் வரியை நீக்கக் கேட்டு அவள் கொடுத்த மனு பரிசீலனையில் இருப்பதாகக் கடிதம் வந்தது.

புரட்டாசி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வெற்றிச்செல்வன் வீட்டுக்குப் போனாள். அவன் தறியை நிறுத்தினான். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. மச்சான் தமிழ்செல்வன் ஏதோ சொன்னான், தனக்குச் சரியாகப் புரியவில்லை என்றான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், போன் பண்ணாமல் விட்டதையும் சேர்த்து. சொல்லி முடித்ததும் அவன் கத்துவான் என்று காத்திருந்தாள்.

அவன் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி நூலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திங்கக்கெழம காலையில தலவலின்னா. கண்ணு மங்கலா தெரியுதுன்னா. வெயில்ல சுத்திகினு வந்தியே, அதான், படுன்னுட்டேன். நெஞ்ச சேலைய அன்னைக்கு தறியிலேருந்து அறுக்கணும். மதியம் வரைக்கும் திரும்பிப் பாக்கல."

"அது ஆபத்துன்னு உங்களுக்கு யாரும் சொல்லலிங்களே. நான் சொல்லியிருக்கணும்" என்றாள் சிவசங்கரி.

அவன் தலையசைத்தான். ஒப்புக்கொண்டானா மறுத்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கிளம்ப எழுந்தபோது அவன் ஒரு துண்டுச் சீட்டையும் பேனாவையும் நீட்டினான்.

"அவளுக்கு இருந்த நம்பர எழுதிக் குடுங்க நர்ஸம்மா. எதுக்குன்னு தெரியல."

அவள் எழுதினாள். கடைசிப் பூஜ்யம் கோணலாக வந்தது. அவன் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். குழந்தை புரண்டு படுத்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.