பால்டருக்காக அழாத ஒருத்தி

அண்ணனின் முதலாண்டு நினைவஞ்சலியை நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொன்னார். ஓராண்டு ஆகியும் எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் துறையூரில் பிறந்தார். அப்பா காலமானதும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் சேர்ந்து என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். நான் திருமணமாகி ஸ்ரீரங்கம் வந்த பிறகு ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருவார். என் ஆறு வயது மகளுக்குக் கதை சொல்வார்.

அவளுக்குப் பிடித்தது பால்டர் கதை. ஐரோப்பாவின் வடகோடியில் ஒரு காலத்தில் வணங்கப்பட்ட கடவுள் அவர். எல்லோருக்கும் பிரியமானவர். மகனைத் துன்புறுத்தக் கூடாதென்று அவருடைய தாய் தீ, இரும்பு, நோய் எல்லாவற்றிடமும் சத்தியம் வாங்குகிறாள். ஒரு சிறு செடியை மட்டும், இது என்ன செய்துவிடும் என்று விட்டுவிடுகிறாள். அந்தச் செடியே அவர் உயிரைக் குடிக்கிறது. உலகமே அழுதால் அவரைத் திருப்பி அனுப்புவதாக இறந்தோர் உலகின் அரசி சொல்கிறாள். கல்லும் அழுகிறது. ஒருத்தி மட்டும் மறுக்கிறாள். பால்டர் வரவில்லை.

சர்க்கரை மாத்திரை, ஹெல்மெட் என்று தினமும் போனில் அண்ணனை விசாரிப்பேன். "பால்டரோட அம்மாவே உன்கிட்ட ட்யூஷன் வரணும் பாப்பா" என்று சிரிப்பார்.

கடைசி ஞாயிறன்று, "நெஞ்சு லேசா எரியுது பாப்பா" என்றார்.

"மறுபடி பரோட்டாவாண்ணே? இருங்க, ஓமத் தண்ணி தரேன்."

குடித்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் பட்டறையிலேயே மாரடைப்பில் சாய்ந்துவிட்டார். முதல் நாளே மருத்துவமனைக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். அது ஆறுதலா இல்லையா என்று இன்றும் புரியவில்லை.

துக்க வீட்டில் மகள் பயந்துவிடுவாளோ என்று, "அழக்கூடாது, மாமாவுக்குப் பிடிக்காது" என்று சொல்லி வைத்தேன். அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கருமாதி அன்று சாப்பிட மறுத்தாள்.

"எல்லாரும் அழுதாங்கம்மா. நான் மட்டும்தான் அழல. அதனாலதான் மாமா வரலையா?"

"அது வெறும் கதைடி."

"அப்ப மாமா பொய் சொன்னாங்களா?"

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். அழுது முடித்ததும் அவள் வாசலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அண்ணனைத் தூக்கி ஓடிய பட்டறை நண்பர்களுக்கும், அண்ணிக்குத் துணையிருந்த உறவினர்களுக்கும், அன்று அழுதவர்களுக்கும், அழ முடியாமல் நின்றவர்களுக்கும் எங்கள் நன்றி. ஓர் உதவி மட்டும் மீதமிருக்கிறது. என் மகளைப் பார்க்கும்போது, மாமா வராததற்கு அவள் காரணமில்லை என்று சொல்லுங்கள். முடிந்தால் என்னிடமும் ஒரு முறை சொல்லுங்கள்.